கடைசிப் பத்து மீட்டரில் அம்பு சுற்றுகிறது: பிள்ளைகளோடு ஜியோகேச்சிங்

நால்வர்குழு கேட்டது:

குடும்பமாக ஜியோகேச்சிங் தொடங்கியிருக்கிறோம்: யாரோ மறைத்து வைத்த டப்பாவை (அதுதான் கேச்), அவர் இணையத்தில் போட்ட ஆயத்தொலைவை, அதாவது இடம் காட்டும் எண்களை வைத்து, ஜிபிஎஸ் துணையோடு தேடும் விளையாட்டு. பெரியவர்கள் இருவர், 9 வயதில் ஒருவன், 6 வயதில் ஒருத்தி. கையில் இருப்பது போனும் ஆப்பும் மட்டும்தான். தேடிய ஐந்தில் ஒன்றுதான் கிடைத்தது. மற்ற நான்கின் நிலவரம்:

அ) மைக்ரோ, அதாவது மிகச் சிறிய அளவு, கடினம் 5-க்கு 2.5. போன் 4 மீட்டர் என்றது. நின்ற இடத்திலேயே அது 11 ஆனது, அம்பு முதுகுப்பக்கம் திரும்பியது. அரை மணி நேரமும் இதேதான்.

ஆ) ஆயத்தொலைவை வேறொரு வரைபட ஆப்பில் கையால் தட்டிப் போனோம். 600 மீட்டர் தள்ளிப் போய் நின்றிருக்கிறோம் என்று பிறகுதான் தெரிந்தது.

இ) கேள்விக்குறிச் சின்னம் போட்டது. இடம் குளத்தின் நடுவே காட்டுகிறது.

ஈ) அங்கே ஒன்றுமே இல்லை. கடைசியாகப் போன நான்கு பேரும் 'கிடைக்கவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதை வீடு திரும்பிய பிறகே படித்தோம்.

கிடைத்த ஒன்றிலிருந்து சின்னவள் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு பதிலுக்கு மிட்டாய் வைத்தாள். பொம்மையில் எண் பொறித்த தகடு ஒன்று தொங்குகிறது. அது எடுக்கக்கூடியதுதானா?

தனி ஜிபிஎஸ் கருவி வாங்கினால் நிலைமை மாறுமா? பிள்ளைகள் சலிப்படையாதபடி கேச் தேர்ந்தெடுப்பது எப்படி?


திசைமானி:

ஆ-வில் இருந்து தொடங்குகிறேன். 600 மீட்டர் என்று படித்ததுமே கை எங்கே தவறியது என்று தெரிந்துவிட்டது.

கேச் பக்கத்தில் ஆயத்தொலைவு டிகிரியும் தசம நிமிடமுமாக இருக்கும். வடக்கு 40° 12.500′ என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்குப் பின்னால் உள்ள 500 விநாடி அல்ல. ஒரு நிமிடத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 500 பங்கு, அதாவது அரை நிமிடம், 30 விநாடி. அதை 40° 12′ 50″ என்று தட்டினால் 20 விநாடி கூடிவிடும். அட்சரேகையில் ஒரு விநாடி 30.9 மீட்டர், 20 விநாடிக்கு 617 மீட்டர் ஆயிற்று. உங்கள் கணக்கு சரியாக இதில் விழுகிறது. 40.12500 என்று தசம டிகிரியாகப் போட்டிருந்தால் 9 கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பீர்கள், அந்த வகையில் தப்பித்தீர்கள்.

இதற்குத் தம்பி முறையான இன்னொரு தவறு, பூஜ்யத்தை விழுங்குவது. 05.043 நிமிடத்தை 5.43 என்று அடித்தால் 700 மீட்டருக்கு மேல் விலகும். முடிந்தவரை கையால் தட்டாதீர்கள், கேச் பக்கத்திலிருந்தே வழிகாட்டலைத் திறங்கள். பல இடம் தாண்டிக் கடைசியில் டப்பாவுக்குப் போகும் மல்ட்டி கேச்சில் ஒவ்வொரு கட்டத்திலும் எண்களை நீங்களே போட வேண்டியிருக்கும். அப்போது ஒருவர் வாசிக்க ஒருவர் தட்ட, தட்டியவர் திரும்ப வாசிக்கட்டும். 9 வயதுப் பையனுக்கு இது நல்ல வேலை. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர்தான், கவலை வேண்டாம். புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் ஒன்று மாறினால் 185 மீட்டர்.

இ: கேள்விக்குறி என்றால் புதிர் கேச். வரைபடத்தில் காட்டும் இடம் வெறும் அடையாளம். டப்பா அங்கே இருக்காது. பக்கத்தில் உள்ள புதிரை வீட்டில் உட்கார்ந்து விடுவித்தால்தான் உண்மையான ஆயத்தொலைவு வரும். வழக்கமாக அது காட்டிய இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும். குளத்துக்குள் இறங்காமல் வந்தது நல்லது.

அ-தான் எல்லாரும் தடுக்கி விழும் இடம். திறந்த வெளியில் போனின் பிழை ஏறக்குறைய 5 மீட்டர். மரத்தடியிலும் உயரமான சுவர்களுக்கு நடுவிலும் 10, 15 என்று ஏறும், ஏனென்றால் செயற்கைக்கோள் அலை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தச் சுற்றுவழியின் நீளத்தையும் போன் தூரமாகவே எண்ணிக்கொள்கிறது. மறைத்தவர் அளந்தபோதும் இதே பிழை இருந்திருக்கும். உங்கள் 5 மீட்டரும் அவருடைய 5 மீட்டரும் எதிரெதிராக விழுந்தால் டப்பா 10 மீட்டர் தள்ளி இருக்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். அந்தப் பரப்புக்குள் ஒரு விரல் தடிமன் குழாயை அம்பு காட்டித் தரும் என்று எதிர்பார்ப்பது போனுக்கே நியாயமில்லை.

அம்பு சுற்றுவதற்கும் இதுதான் காரணம். 4 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கின் திசையை, 5 மீட்டர் பிழையோடு கணக்கிட்டால் எந்தத் திசையும் வரலாம். நின்றுகொண்டே இருப்பதால் அது சரியாகாது. ஆகவே 10 மீட்டர் என்று காட்டியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

அப்படியும் இடம் பிடிபடவில்லை என்றால் 30, 40 மீட்டர் பின்னால் போய், நிற்காமல் சீராக நடந்து வாருங்கள். அம்பு காட்டும் கோட்டை ஒரு மரத்தோடோ கல்லோடோ மனத்தில் பொருத்திக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோட்டுக்குச் செங்குத்தான பக்கத்திலிருந்து அதே போல ஒரு நடை. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தேடலைத் தொடங்குங்கள். இடம் அனுமதித்தால் மூன்றாவது பக்கத்திலிருந்தும்.

போனில் மூன்றைச் சரிபாருங்கள். ஆப்புக்குத் துல்லியமான இருப்பிட அனுமதி கொடுத்திருக்க வேண்டும். தோராய இருப்பிடம் என்று இருந்தால் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். மின்கலச் சேமிப்பை அணையுங்கள், அது இருப்பிடம் புதுப்பிக்கும் இடைவெளியைக் கூட்டிவிடும். காந்த மூடி வைத்த உறை போட்டிருந்தால் கழற்றுங்கள், திசைகாட்டி அதையே வடக்கு என்று நினைத்துக்கொள்ளும். கழற்றிய பிறகு போனைக் காற்றில் எட்டு வடிவில் நான்கைந்து முறை சுழற்றினால் திசைகாட்டி சீராகும்.

கருவி இப்போது வேண்டாம். தனிக் கருவியின் பலம் மழை தாங்குவது, கீழே விழுந்தால் பிழைப்பது, மின்கலம் நாள் முழுக்க நிற்பது. கடைசிப் பத்து மீட்டரில் அதுவும் உங்களைப் போலத்தான் தடுமாறும்.


மூடிதிறப்பவர்:

திசைமானி சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை: அந்த 1.85, 185 கணக்கு அட்சரேகைக்குத்தான் எங்கும் பொருந்தும். தீர்க்கரேகையில் நிலநடுக்கோட்டருகே அதே அளவு, துருவம் நோக்கிப் போகப் போகக் குறையும். 60 டிகிரியில் சரிபாதி.

தேர்வு பற்றிச் சொல்கிறேன். நான்கு தோல்வியில் மூன்று வீட்டிலேயே தவிர்த்திருக்கக்கூடியவை.

ஒவ்வொரு கேச்சுக்கும் கடினம், நிலப்பரப்பு என்று இரண்டு மதிப்பீடு, 1 முதல் 5 வரை அரை அரையாக. கடினம் என்பது கண்டுபிடிப்பதற்கு, நிலப்பரப்பு என்பது போய்ச் சேருவதற்கு. நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் படகோ கயிறோ போன்ற சிறப்புக் கருவி வேண்டும். 6 வயதுக்கு இரண்டுமே 2-ஐத் தாண்டக் கூடாது. 1.5 பக்கம் இருப்பது இன்னும் உத்தமம்.

ஆனால் என்னைக் கேட்டால் மதிப்பீட்டைவிட அளவுதான் முக்கியம். மைக்ரோ என்பது 100 மில்லிக்குக் கீழே. அதிலும் நானோ என்றழைக்கப்படுவது சட்டைப் பொத்தான் அளவுதான். உள்ளே சுருட்டிய தாள் தவிர எதுவும் இருக்காது. பெரியவருக்கு அது வெற்றி. பிள்ளைக்கு? அரை மணி தேடி ஒரு காகிதச் சுருள். ஸ்மால் என்பது 100 மில்லியிலிருந்து 1 லிட்டர், ரெகுலர் 1 முதல் 20 லிட்டர். இந்த இரண்டு அளவில் மட்டும் வடிகட்டுங்கள். வகையில் டிரடிஷனல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எண் எங்கே காட்டுகிறதோ அங்கேயே டப்பா இருக்கும் வகை அதுதான். எர்த்கேச் என்று ஒன்று உண்டு. அதில் டப்பாவே கிடையாது, பாறையையோ மண்ணையோ பார்த்துக் கேள்விக்கு விடை எழுதி உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். பெரியவனுக்குப் பிடிக்கும், சின்னவள் "பெட்டி எங்கே?" என்பாள்.

அடுத்தது, பழைய பதிவுகள். கடைசி ஐந்தைக் கிளம்பும் முன் படியுங்கள். கடைசி இரண்டும் 'கிடைக்கவில்லை' என்றால், அதுவும் கடினம் 1.5 உள்ளதற்கு அப்படி என்றால், டப்பா போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். கடினம் 4 உள்ளதற்குத் தொடர்ந்து மூன்று 'கிடைக்கவில்லை' வருவது சாதாரணம். எழுதியவர் யார் என்றும் பாருங்கள். ஆயிரம் கண்டவர் கிடைக்கவில்லை என்பதும், மூன்று கண்டவர் சொல்வதும் ஒன்றல்ல. போன வாரம் யாராவது கண்டிருந்தால் நம்பிப் போகலாம்.

பதிவுகளில் இன்னொரு புதையலும் உண்டு. 'ஆயத்தொலைவு 8 மீட்டர் தள்ளி இருந்தது' என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருப்பார்கள். பலர் படம் போட்டிருப்பார்கள், மறைவிடம் என்ன மாதிரி என்று அதிலேயே பிடிபடும். பக்கத்தில் உள்ள குறியீடுகளையும் விடாதீர்கள்: பிள்ளைகளுக்கு ஏற்றது, தள்ளுவண்டி போகும், ஒரு மணி நேரத்துக்குள் முடியும், முள் உண்டு, உண்ணி உண்டு என்றெல்லாம் படமாகவே போட்டிருக்கும்.

ஒரு நாளைக்கு மூன்று போதும். முதல் கேச் வண்டி நிறுத்திய இடத்திலிருந்து 300 மீட்டருக்குள், மிக எளியதாக. கடினமானது நடுவில். எளியது ஒன்றைக் கடைசிக்குப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தோல்வியோடு வண்டியில் ஏறினால் அடுத்த வாரம் யாரும் வர மாட்டார்கள். ஆப் காட்டும் தூரம் நேர்கோட்டுத் தூரம் என்பதும் நினைவிருக்கட்டும். நடுவில் ஓடையோ வேலியோ இருந்தால் 400 மீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகும். கிளம்பும் முன் பாதையை வரைபடத்தில் விரலால் நடந்து பாருங்கள், வரைபடத்தையும் கேச் பக்கங்களையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரபூர்வ ஆப்பில் சில கேச்கள் சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கும், அவை கட்டண உறுப்பினர்களுக்கு. ஆண்டிராய்டில் சி:ஜியோ என்ற இலவச, திறமூல ஆப்பும் இருக்கிறது. தொடக்கத்துக்குக் கட்டணம் அவசியமே இல்லை.


புதரோரம்:

தேடுறதைப் பத்தி யாரும் இன்னும் சரியா சொல்லல.

மறைச்சவர் கண்ணால யோசிங்க. அவருக்கு டப்பா வழிப்போக்கர் கண்ணுல படக்கூடாது, மழையில அடிச்சுட்டுப் போகக்கூடாது, அதே சமயம் கையெட்டுற தூரத்துல இருக்கணும். 10 மீட்டர் வட்டத்துல இந்த மூணும் பொருந்துற இடம் பொதுவா நாலஞ்சுதான் இருக்கும்: மரப்பொந்து, விழுந்த கட்டைக்கு அடிப்பக்கம், பாறை இடுக்கு, பெஞ்சுக்குக் கீழ்ப்பக்கம், வேலிக்கம்பத்தோட மூடி. புல்வெளி முழுக்கத் துழாவ வேண்டாம். இந்த நாலஞ்சை வரிசையாப் பாருங்க.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம் போதும்: 'இங்க எது பொருந்தல?' இயற்கையா விழுற குச்சி குறுக்கும் நெடுக்குமாக் கிடக்கும். ஏழெட்டுக் குச்சி ஒரே பக்கமா அடுக்கியிருந்தா மனுஷக் கை பட்டிருக்கு. கல்லுக்கும் அதே கதைதான். பாசி மேல்பக்கம் இருக்கணும், அடிப்பக்கம் பாசி இருந்தா யாரோ புரட்டி வச்சிருக்காங்க. 6 வயசுப் பொண்ணு கண்ணு தரைக்குப் பக்கத்துல இருக்கு. பெஞ்சுக்கு அடியில இருக்கறது உங்களுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும்.

ஆளுக்கு ஒரு வேலை பிரிச்சுக் கொடுங்க, ஒவ்வொரு கேச்சுக்கும் மாத்துங்க. போன் பிடிக்கிறவங்க தேடக்கூடாது, தேடுறவங்க போன் கேக்கக்கூடாது. இல்லன்னா முதல் கேச்லயே சண்டை. கேச் பக்கத்துல மறைவிடத்துக்கு ஒரு குறிப்பு இருக்கும், அது எழுத்து மாத்தி இருக்கும். ஆங்கில எழுத்தை 13 இடம் தள்ளுற முறை, ஏ-க்கு என், பி-க்கு ஓ. ஆப்ல ஒரு தட்டுல மாறிடும். ஆனா பெரியவன்கிட்ட தாளும் பென்சிலும் கொடுத்து அவனையே மாத்தச் சொல்லுங்க. நீங்க தேடுற பத்து நிமிஷமும் அவன் நச்சரிக்க மாட்டான்.

15 நிமிஷம் ஆனதும் குறிப்பைப் பாருங்க. இன்னொரு 10 நிமிஷம் பார்த்துக் கிடைக்கலைன்னா நகர்ந்துடுங்க. 'கிடைக்கவில்லை'ன்னு மறக்காமப் பதிவு போடுங்க. வெக்கப்பட்டு விட்டுடுறாங்க பாதிப் பேர். அந்தப் பதிவு இல்லாததாலதான் அடுத்த குடும்பம் உங்க ஈ மாதிரி ஏமாறுது.

இப்ப பாதுகாப்பு. பொந்து, கல்லிடுக்கு, இலைக்குவியல் எதுலயும் கையை நேரா விடக்கூடாது. முதல்ல டார்ச், அப்புறம் நீளக் குச்சி, கடைசியில கையுறை போட்ட பெரியவர் கை. பாம்பு, தேள், குளவிக்கூடு எல்லாத்துக்கும் நல்ல மறைவிடமும் அதுதான். பிள்ளைங்க பார்த்துட்டுக் கூப்பிடட்டும், எடுக்குறது பெரியவர். கல்லைப் புரட்டுறப்ப நம்ம பக்கத்து விளிம்பை விட்டுட்டு எதிர் விளிம்பைப் பிடிச்சுத் தூக்குங்க. அப்பதான் உள்ள இருக்கறது நமக்கு எதிர்ப்பக்கமா ஓடும். மின்பெட்டி, குழாய் மூடி, திருகு போட்டு இறுக்கின எதையும் திறக்கக்கூடாது. சுவர்ல இருந்து கல்லை உருவவும் கூடாது. பொருளைப் பிரிச்சுத்தான் எடுக்கணும்ங்கிற மாதிரி தெரிஞ்சா நீங்க தப்பான இடத்துல தேடுறீங்க.

கண்டதும் பிள்ளைங்க கத்துவாங்க. விளையாட்டைத் தெரியாதவங்களை மகிள்னு சொல்றது வழக்கம். அவங்க பார்த்துட்டா அப்புறம் வந்து டப்பாவை எடுத்துட்டுப் போயிடுவாங்க. வீட்டுலயே ஒரு சங்கேதச் சொல் பேசி வச்சுக்குங்க. டப்பாவை எடுத்துட்டுப் பத்து அடி தள்ளிப் போய் உக்காந்து திறங்க, மறைவிடம் வெளிய தெரியாது.

பை: பென்சில் ரெண்டு (ஈரத்தாள்ல பேனா எழுதாது, குளிர்ல மை உறையும்), நானோ தாளை உருவ ஒரு இடுக்கி, சின்னக் கண்ணாடி, டார்ச், கையுறை, விசில், முதலுதவி, தண்ணி, 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க். குப்பைக்கு ஒரு பை. வழியில கிடக்கிற குப்பையை எடுத்துட்டு வர்றதும் இந்த விளையாட்டுல 2002-லிருந்தே பழக்கமா வச்சிருக்காங்க.


பயணப்பொம்மை:

பொம்மை விஷயம். தகட்டில் எண் இருந்தால் அது மாற்றுப் பொருள் அல்ல, டிராவல் பக். ஒரு கேச்சிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போவதற்காக யாரோ விட்டது. பொம்மையும் தகடும் சேர்ந்து ஒரே பொருள், பிரிக்கக் கூடாது. எடுத்தது குற்றமில்லை. வைத்துக்கொண்டால்தான் தவறு. தகட்டில் உள்ள எண்ணை ஜியோகேச்சிங் இணையதளத்தில் போட்டு 'எடுத்தேன்' என்று பதியுங்கள். அதன் பக்கத்தில் உரிமையாளர் என்ன ஆசைப்பட்டிருக்கிறார் என்று இருக்கும். கடற்கரைகளாகப் போக வேண்டும், மலைக்குப் போக வேண்டும் என்று. இரண்டு வாரத்துக்குள் வேறொரு கேச்சில் வைத்துவிட்டு 'வைத்தேன்' என்று பதியுங்கள். டப்பா அதைக் கொள்ளும் அளவா என்று முன்பே பாருங்கள், மைக்ரோவில் திணிக்க முடியாது. எண் தெரியும்படி படம் எடுத்துப் போடாதீர்கள். எண் தெரிந்தவர் யாரும், பொருளைக் கண்ணால் பார்க்காமலே பதிந்துவிட முடியும்.

சின்னவளிடம் பறிப்பதாகத் தோன்றும். அது இதுவரை போன ஊர்களைப் பக்கத்தில் உள்ள வரைபடத்தில் காட்டி, அடுத்த ஊருக்கு அனுப்பப்போவது அவள்தான் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அழுகை நின்றுவிடும். பிறகும் அந்தப் பக்கத்தைப் பின்தொடரலாம்.

மிட்டாயை யாராவது சீக்கிரம் போய் எடுத்துவிடுங்கள். வாசனைக்கு எறும்பும் எலியும் வரும், பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளைத்துவிடும், அதோடு உள்ளே இருப்பதெல்லாம் போச்சு. வேடிக்கை என்னவென்றால் 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் வைத்த முதல் வாளியிலேயே ஒரு பீன்ஸ் டின் இருந்தது. அதற்கு ஒரு நாள் முன்புதான் ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நிறுத்தியிருந்தார்கள். அதுவரை 100 மீட்டர் வரை பிசகியதில் இப்படி ஒரு விளையாட்டே நடந்திருக்காது. இன்றைய விதிப்படி உணவு எதுவும் கூடாது. திரவம், சோப்பு நுரைக் குப்பி, வாசனைப் பொருள், மருந்து, தீப்பெட்டி, கத்தி எதுவும் கூடாது. மெழுகு வண்ணக்குச்சி விதியில் இல்லை, ஆனால் வெயிலில் உருகி லாக் புக்கை, அதாவது கண்டவர்கள் பெயர் எழுதும் தாளை, ஒட்டிவிடும்.

எடுத்ததற்குச் சமமான அல்லது அதைவிட நல்ல பொருளை வைப்பதுதான் முறை. கோலிக்குண்டு, சிறு பிளாஸ்டிக் விலங்கு, சாவிக்கொத்து, பேட்ஜ், வெளிநாட்டு நாணயம், ரப்பர் முத்திரை என்று பத்துப் பதினைந்தை ஒரு சிறு பையில் போட்டுப் பிள்ளைகளிடமே கொடுங்கள். உடைந்த பொம்மை, பழைய ரசீது போன்றவற்றைக் கொட்டுகிறவர்களால்தான் பாதி டப்பாக்கள் குப்பைத்தொட்டி மாதிரி இருக்கின்றன. எதுவும் எடுக்காமல் பெயர் மட்டும் எழுதிவிட்டு வரலாம், அதுவும் முழுக் கண்டுபிடிப்புதான். லாக் புக்கில் பெயர் எழுதாமல் பார்த்துவிட்டு மட்டும் வந்தால்தான் கணக்கில் சேராது. நால்வருக்கும் சேர்த்து ஒரு குழுப்பெயரும் தேதியும் எழுதினால் போதும்.


நால்வர்குழு:

மிக்க நன்றி. எண்ணைத் தவறாகத் தட்டியது உண்மைதான், பார்த்தேன். பொம்மையை அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறோம், மிட்டாயையும் எடுத்துவிடுகிறோம். பையன் வீட்டுப்பக்கம் சொந்தமாக ஒரு கேச் வைக்க வேண்டும் என்கிறான். இப்போதே வைக்கலாமா? என்ன டப்பா?


ஈரத்தாள்:

இப்போது வேண்டாம். முதலில் 20, 30 கேச் பார்த்துவிடுங்கள். எந்த டப்பா ஒரு மழைக்காலம் தாங்கியது, எது தாங்கவில்லை என்று அதற்குள் கண்ணாலேயே தெரிந்துவிடும். வைப்பது ஒரு நாள் வேலை. பராமரிப்பு வருடக்கணக்கில். தண்ணீர் புகுந்தது, தாள் தீர்ந்தது என்று பதிவு வந்தால் சில வாரத்துக்குள் போய்ச் சரிசெய்ய முடிய வேண்டும். அதனால் விடுமுறைக்குப் போன ஊரில் வைக்கக் கூடாது, வீட்டுப்பக்கம் என்பது சரியான யோசனைதான்.

இடம் பிடிப்பதில் மூன்று தடை. ஒன்று, நிலத்துக்கு உரியவரின் அனுமதி. இரண்டு, குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. மூன்று, வேறொரு கேச்சின் டப்பாவிலிருந்து 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். வரைபடத்தில் பக்கத்தில் எதுவும் இல்லை, ஆனாலும் புதுக் கேச்சைத் தளத்தில் வெளியிடும் முன் பார்க்கும் சரிபார்ப்பவர் நிராகரிக்கிறார். காரணம், ஏதோ ஒரு புதிர் கேச்சின் உண்மையான டப்பாவோ, மல்ட்டி கேச்சின் நடுக்கட்டமோ அங்கே இருக்கும், அது வரைபடத்தில் தெரியாது. ஆகவே டப்பாவைத் தயார் செய்யும் முன்பே அந்த இடம் காலியா என்று சரிபார்ப்பவரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். பள்ளி வாசல், ரயில் பாதையோரம், காவல் உள்ள கட்டடம் பக்கமெல்லாம் போகாதீர்கள். புதரில் கைவிட்டுத் துழாவும் ஆளைப் பார்த்தால் யாரும் போலீசைக் கூப்பிடுவார்கள்.

டப்பாவுக்கு நான்கு பக்கமும் கொக்கி வைத்து, மூடியில் சிலிகான் வளையம் உள்ள 300 முதல் 500 மில்லி பெட்டி. புதிதாக வாங்குங்கள். சமையலறையில் புழங்கியதன் வாசனை கழுவினாலும் போகாது, விலங்கு மோப்பம் பிடித்துவிடும். பிஸ்கட் டின் துருப்பிடிக்கும், கண்ணாடி உடையும், பழைய பிலிம் டப்பாவின் மூடி தண்ணீரைத் தடுக்காது. சிறிதாக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பாட்டிலாக ஊதுவதற்கு முந்தைய நிலையில் உள்ள கனத்த குழாய், திருகுமூடியோடு கிடைக்கிறது. மைக்ரோவில் அதை அடிக்க ஆளில்லை.

வாங்கியதும் உள்ளே உலர்ந்த காகிதத்தைப் போட்டு மூடி, கல் வைத்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க அமிழ்த்துங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் சரி. உருமறைப்பு நாடா ஒட்டும்போது மூடியின் விளிம்பிலும் கொக்கியிலும் படாமல் ஒட்டுங்கள். நாடாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, ஆனால் வளையம் அழுந்தாமல் போக அது போதும். வெளியே 'ஜியோகேச்' என்று கேச் பெயரோடு அழியாத மையில் எழுதுங்கள். பெயரில்லாத பெட்டி மறைவில் கிடந்தால் பார்ப்பவருக்கு வெடிகுண்டு பயம்தான் முதலில் வரும்.

ஆயத்தொலைவை ஒரே தடவை அளந்து போடாதீர்கள். வெவ்வேறு மூன்று நாள், வெவ்வேறு நேரம், நாளுக்கு ஐந்து அளவு. ஒவ்வொரு அளவுக்கும் 20 மீட்டராவது விலகிப் போய்த் திரும்பி வந்து, இரண்டு நிமிடம் டப்பா மேலேயே போனை வைத்திருந்து குறியுங்கள். ஒரே நேரத்தில் எடுத்த 15 அளவும் ஒரே பக்கம் பிசகியிருக்கலாம், செயற்கைக்கோள்களின் இருப்பு மாறினால்தான் பிழையும் மாறும். ஒன்று மட்டும் தனியே தள்ளி நின்றால் அதைக் கழித்துவிட்டு மற்றவற்றைச் சராசரி எடுங்கள். நிமிடத்தின் மூன்று தசம இலக்கத்தை மட்டும் கூட்டி வகுத்தால் போதும். பையனுக்கு நல்ல கணக்கு. முடிவை வேறொரு போனில் போட்டு, 100 மீட்டர் தள்ளியிருந்து நடந்து வந்து சோதியுங்கள்.

லாக் புக்குக்கு நீர்புகாத் தாள். அதை ஜிப் பையில் போடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுபவர்களும் உண்டு, ஆனால் நாலு தடவை திறந்தாலே அது ஈரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும், பிறகு வெறும் எடை.


திசைமானி:

ஜிப் பையில் எனக்கு உடன்பாடில்லை. சிறு பெட்டிகளில் தண்ணீர் புகுவதற்கு முக்கால்வாசிக் காரணமே அந்தப் பைதான். மூடும்போது பையின் ஓரம் சிலிகான் வளையத்துக்கும் மூடிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அந்த இடுக்கு வழியே தண்ணீர் உறிஞ்சிபோல ஏறும். பெட்டி உண்மையிலேயே நீர்புகாதது என்றால் பை தேவையில்லை.


ஈரத்தாள்:

பெட்டியின் அகலத்தில் பாதிக்கு மேல் இல்லாத பையாக வாங்கினால் மாட்டாது. பை இல்லாவிட்டால், மழையில் திறப்பவர் கையிலிருந்து சொட்டுவது நேராகத் தாளில் விழும். ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய பையை மடித்துத் திணிப்பவர்கள்தான் அதிகம்.


நால்வர்குழு:

கடைசியாக ஒன்று. மற்றவர் டப்பாவில் தாள் நனைந்து கூழாகக் கிடந்தால் நாங்கள் புதுத் தாள் வைக்கலாமா? டப்பாவே காணாமல் போயிருந்தால் புது டப்பா வைத்து உதவலாமா?


புதரோரம்:

தாள்: வைக்கலாம். நனைஞ்சதைப் பிரிக்காதீங்க, கிழியும். அதை எடுத்துட்டு வராம அப்படியே விட்டுட்டு, பக்கத்துல ஒரு துண்டுத் தாள்ல பேர் எழுதி வைங்க. டப்பாவை உள்ளேயும் வளையத்தையும் துணியால துடைச்சுட்டு மூடுங்க. வளையத்துல மண் துகள் ஒண்ணு இருந்தாலும் திரும்ப நனையும். அப்புறம் பராமரிப்பு தேவைன்னு உரிமையாளருக்கு ஆப்லயே தகவல் கொடுங்க.

டப்பா: வைக்காதீங்க. உங்க கண்ணுக்குக் கிடைக்கலைங்கிறது இல்லைங்கிறதுக்குச் சாட்சி ஆகாது. பழசு ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கும், நீங்க புதுசு வச்சா ஒரே இடத்துல ரெண்டு டப்பா, அடுத்து வர்றவங்க தப்பானதுல பேர் எழுதிட்டுப் போவாங்க. உரிமையாளர் நேராக் கேட்டுக்கிட்டா மட்டும் வைங்க. எடுத்ததை எடுத்த இடத்துலயே, எடுத்த மாதிரியே மூடி வைக்கணும். இன்னும் நல்லா மறைக்கிறேன்னு உள்ள தள்ளாதீங்க, ரெண்டு மூணு பேர் அப்படித் தள்ளித்தான் கடினம் 1.5 கேச் 3 ஆகுது. திறக்குறதுக்கு முன்னாடி இருந்த நிலையைப் போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டா, திரும்ப வைக்கிறப்ப பிள்ளைங்களே பார்த்துச் சரியா வச்சிடுவாங்க.